சாய்ந்த தோளுக்கு ஓர் உடை

சனிக்கிழமைதோறும் இந்த மண்டபத்தை எங்களுக்காகத் திறந்துவிடும் மன்றத் தலைவர் ராயப்பராஜ் அவர்களே, வெயிலை வென்று வந்து வீற்றிருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அரக்கப்பரக்க ஓடிவந்த அருமைத் தாய்மார்களே, பேகம்பூரிலும் நிலக்கோட்டையிலும் எரியோட்டிலும் பிறந்து என் பென்சில்களையெல்லாம் கடித்தே தீர்த்த இளஞ்சிங்கங்களே! ஃபேஷன் ஓவியம் கற்றுக்கொடுக்கும் லிடியாவாகிய நான் உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

ஃபேஷன் ஓவியம் என்றால் என்ன? கத்தரி துணியைத் தொடுமுன்னே காகிதத்தில் பிறந்துவிடும் உடை அது. அதைச் சொல்லித்தருகிறேன் என்று நான் பலகை மாட்டிய அன்று இந்த ஊர் என்ன கேட்டது? "பூட்டு செய்யிற ஊருல பொம்மை வரைஞ்சு என்னத்தக் காணப் போறீக?" என்று கேட்டது. கேட்டவர் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன். அவர் மகளே இப்போது என் வகுப்பில்தான் இருக்கிறாள்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்துவிட்டு ஃபாயிஸாவின் கதையைக் கேளுங்கள்.

பேகம்பூரில் தையல்கடை வைத்திருக்கும் முகமது யாசின் பாயின் மகள் அவள். கை அசைந்தால் கோடு, கோடு வளைந்தால் கொசுவம், அப்படி ஒரு கை. ஆனால் அவள் வரைந்த உருவம் எதற்கும் முகம் இல்லை. "எங்க வீட்டுல முகம் வரையறது இல்ல மிஸ், மார்க்கத்துல கூடாதும்பாங்க" என்றாள். அடுத்த வாரம் யாசின் பாயே வந்தார். "முகம் இல்லாம இதைப் படிக்க முடியும்னா படிக்கட்டும் மிஸ். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றார். அவர் பின்னால் நின்ற ஃபாயிஸா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல முகம் கட்டாயமில்ல பாய். பெரிய பெரிய ஓவியருகளே முகத்த வெறுமனே விட்டுருவாக. துணிதான் பேசணும்" என்றேன். நம்பினாரா? பாதி நம்பினார். "கண்காட்சி அன்னிக்கு வாரேன். துணி பேசுதான்னு பாப்போம்" என்றார்.

வந்தது கண்காட்சி. சுவரெல்லாம் மற்ற பிள்ளைகள் வரைந்த தென்னை உயர அழகிகள். "இவ டவுன் பஸ்ஸுல எப்படி நிப்பா?" என்று ஒரு தாய் கேட்டது என் காதிலும் விழுந்தது. மூலையில் ஃபாயிஸாவின் படம். முழுக்கை வைத்த நீள மேலங்கி, இருபுறமும் பெரிய பைகள், நடந்துவரும் ஒரு பெண், அவளுக்கு முகம் இல்லை, ஒரு தோள் சாய்ந்திருக்கிறது. "பாதியில விட்டுட்டா போல" என்று சொல்லிக்கொண்டே பலர் கடந்துபோனார்கள். வாசலில் நின்ற யாசின் பாய் அதைக் கேட்டார்.

அப்போது வந்தார் நிலக்கோட்டையிலிருந்து சந்தைக்குப் பூ கொண்டுவரும் அய்யம்மாள். நின்றார், பார்த்தார். "இது நான்ல? பூமூட்டை தூக்கித் தூக்கி எந்தோளு இப்படித்தான சாஞ்சு கெடக்கு" என்றார். பக்கத்தில் நின்ற ஆசிரியை செபஸ்தியம்மாள் விடுவாரா? "இல்லக்கா, இது நானு. பரீட்சைப் பேப்பரு சொமந்து சாஞ்ச தோளாக்கும்" என்றார். ஒரு படத்துக்கு இருவர் உரிமை கொண்டாடினால் அது முடிக்காத படமா, முடிசூட்ட வேண்டிய படமா? சொல்லுங்கள் சபையோரே.

யாசின் பாய் மெல்ல அருகே வந்தார். நெடுநேரம் பார்த்தார். "ரெண்டு பேரும் இல்ல. இது எங்க வீட்டம்மா. துணிமூட்டையத் தோளுல போட்டுக்கிட்டு இப்படித்தான் நடந்து வருவா" என்றார். பிறகு மகளிடம் கேட்டார்: "அடுத்த சனிக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கும்மா?"

அந்த ஒற்றைக் கேள்வியில் வென்றோம். ஃபாயிஸா வென்றாள், அவள் பென்சில் வென்றது, பூட்டு செய்யும் ஊர் பொம்மை வரைந்து வென்றது. முகம் வரையாத இடத்தில் ஒரு முகமா முளைத்தது? உழைக்கும் பெண்கள் அத்தனை பேரின் முகமும் முளைத்தது. அலங்கார மேடை அளந்தெடுத்த அழகிகளுக்கு மட்டும்தான் என்று எவர் சொன்னது? சொன்னவர் இன்று திண்டுக்கல்லுக்கு வந்து பார்க்கட்டும்.

ஆம், படத்தில் இருந்த அந்த உடையை யாசின் பாய் தம் கையாலேயே ஆளுக்கொன்றாக வெட்டித் தைத்திருக்கிறார். அய்யம்மாளும் செபஸ்தியம்மாளும் ஃபாயிஸாவின் அம்மாவும் அதை உடுத்திக்கொண்டு இதோ மேடையோரம் நிற்கிறார்கள். இடம் தந்த தலைவருக்கும், மகளைத் தந்த தந்தைக்கும், செவி தந்த உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. இனி நான் பேசவேண்டியதில்லை, துணி பேசும்.

தாய்மார்களே, மேடைக்கு வாருங்கள். தோளை நிமிர்த்த வேண்டாம். அப்படியே நடந்து வாருங்கள். உங்களுக்கு எங்கள் வணக்கம்.