பூட்டில் பழுதில்லை

பூட்டைக் குறை சொல்லாதீர்கள் சார். அது நல்ல பூட்டு. விமலின் வலது கை போனதற்குப் பூட்டின் பழுதுதான் காரணம் என்று எங்கள் பாதுகாப்பு அதிகாரி அக்ஷய் அறிக்கை எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் அரபியில் எழுத வேண்டியிருக்கிறது. கை வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

என் பெயர் நாகலிங்கம். வயது நாற்பத்தேழு. ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஷார்ஜா தொழில்பேட்டையில் அந்த மாவு ஆலையில் பதிமூன்று வருடமாக எலக்ட்ரீஷியன்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. தொட்டியிலிருந்து கோதுமை மாவு பாக்கெட் போடும் இடத்துக்குப் போக நீளமாக ஒரு இரும்புப் பாதை இருக்கிறது. ஒரு குழாய்க்குள் பெரிய ஸ்க்ரூ ஆணியைப் படுக்கவைத்த மாதிரி. திருகு சுற்றச் சுற்ற மாவு முன்னால் நகரும். காற்றில் ஈரம் ஏறும் நாட்களில் மாவு கட்டி பிடித்துப் பாதை அடைத்துக்கொள்ளும். அப்போது மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டுத் தோண்டி எடுக்க வேண்டும். புளித்த வாடை அடிக்கும், வண்டு ஊரும். அந்த வேலை விமலுடையது.

மோட்டாரின் சுவிட்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கையை விட்டவனுக்கு சுவிட்ச் தெரியாது. சுவிட்ச் பக்கம் நிற்பவனுக்குக் கை தெரியாது. இந்தக் குறைக்காகத்தான் பூட்டு. உள்ளே கை விடுகிறவன் சுவிட்சை அணைத்து, அதன் பிடியில் தன் சிவப்புப் பூட்டை மாட்டி, தன் போட்டோ ஒட்டிய அட்டையைத் தொங்கவிடுவான். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. மேனேஜரிடம்கூட இன்னொன்று கிடையாது. அந்தச் சாவி அவன் பாக்கெட்டில் இருக்கும். கை வெளியே வந்த பிறகுதான் சாவியும் வெளியே வரும். இதைவிட எளிமையான, அழகான ஏற்பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். விமலுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தச் சாவி என்னிடம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதற்குக் கிரிக்கெட்டைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தொழிலாளர் கேம்ப் டீமின் பெயர் முரசு லெவன். கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை நெய்னா முகம்மது பாய்தான் ஜெர்சி எடுத்துக் கொடுப்பவர். நவம்பர் முதல் மார்ச் வரை வெள்ளிக்கிழமை காலையில், குடோன்களுக்குப் பின்னால் உள்ள மணல் திடலில் எட்டு டீம் ஆடும். நான் ஆடுவதில்லை. எனக்கு முழங்கால் சரியில்லை. ஆனால் ஏழு சீசனாக ஒரு மேட்ச் தவறவிட்டதில்லை. இரண்டு வேலை எனக்கு. ஒன்று, பை. ஆடும் கால்சட்டையில் பாக்கெட் கிடையாது. ஆகவே பதினோரு பேரின் போன், பர்ஸ், மோதிரம், சாவிக்கொத்து எல்லாம் என் பைக்குள் வந்துவிடும். எல்லைக்கோட்டின் ஓரத்தில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று, பந்து. டென்னிஸ் பந்தை அப்படியே போட்டால் துள்ளிக்கொண்டு போகும். அதன் மேல் எலக்ட்ரிகல் டேப்பை இழுத்துச் சுற்றினால் எடை கூடும், துள்ளல் அடங்கும், மணலில் குத்தி வேகமாக வரும். முந்தின சுற்றின் பாதி அகலம் ஏறும்படி சுற்ற வேண்டும். ஒரு குமிழ்கூட விழக் கூடாது. நான் சுற்றிய பந்தில் டேப் பிரிந்ததாக எந்த டீமும் சொன்னதில்லை. ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருந்தேன். விரலில் காயம் என்று டேப் சுற்றிக்கொண்டு வருகிறவனைப் பந்து போட விடமாட்டேன். டேப்பின் முதுகு வழவழப்பு. டேப் மேல் டேப் நிற்காது, வழுக்கும். துணிப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவேன்.

இந்த சீசனில் முதல் நான்கு மேட்சும் ஜெயித்தோம். ஐந்தாவதில் மூன்று ரன்னில் தோற்றோம். தோற்றது எனக்குப் பெரிதில்லை. தோற்ற ஐந்தாவது நிமிடம், போன் வேண்டும் என்று என் பையைச் சுற்றி நின்றார்கள். வீடியோ எடுக்க வேண்டுமாம். ஒருவன் ஜெர்சியைத் தூக்கி மூக்கைச் சிந்தினான். இன்னொருவன் பாக்கு எச்சிலைப் பிட்ச் மேலேயே துப்பி, ஷூவால் தேய்த்துவிட்டு அதே இடத்தில் டான்ஸ் ஆடினான். அன்றைக்கு மெஸ்ஸில் சாம்பாரைப் பார்த்தாலும் அந்த எச்சில்தான் தெரிந்தது. நெய்னா பாய் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன லிங்கம், மையத்து எடுத்த வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கே. விளையாட்டுதானே" என்றார். எனக்கு அவர் மீதும் அருவருப்பு வந்தது.

விமல் மட்டும் அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன். சாத்தூர்ப் பையன், இருபத்தாறு வயது. ஆட்டம் முடிந்தால் ஜெர்சியை மடித்து வைப்பான். அரையிறுதியில் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தான். பந்து குடோன் கூரையில் விழுந்த சத்தம் இன்னும் கேட்கிறது. நான் அழுதுவிட்டேன். உடனே ஊருக்குப் போன் போட்டு என் மனைவி சரசுவிடம் சொன்னேன். "சரி, நல்லது. உமாவுக்குக் காய்ச்சல்னு காலையிலேருந்து மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கேனே, பாக்கலையா?" என்றாள். உமாராணி எங்கள் மகள். பார்த்திருக்கவில்லை. ஆனால் சார், யார் அடித்தது என்றுகூட அவள் கேட்கவில்லை. அதுதான் எனக்கு மனசில் நின்றது.

பைனல் மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை. எதிர் டீமில் வீரபாண்டி என்று ஒருவன், கிரேன் ஆபரேட்டர். விமல் வந்த புதிதில் இருவரும் ஒரே ரூமில் இருந்தவர்கள். கடைசிப் பந்தில் அவர்களுக்கு இரண்டு ரன் வேண்டும். வீரபாண்டி தூக்கி அடித்தான். பந்து உயரமாகப் போய், எல்லையோரம் நின்ற விமலைத் தேடி வந்தது. அவன் ஒரு அடிகூட நகர வேண்டியிருக்கவில்லை. என்னிடமிருந்து பத்தடி தூரம். பந்து இரண்டு கைக்குள்ளும் வந்ததைப் பார்த்தேன். மூடிய கையிலிருந்து சோப்புக்கட்டி நழுவுவதுபோல் அது நழுவிக் கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுப்பதற்குள் இரண்டு ரன் ஓடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். விமல் தன் கையைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். வீரபாண்டி பேட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். "மாப்ள, அந்தக் கையக் கொண்டா. அதுக்கு ஒரு முத்தம் குடுக்கணும்" என்றான். விமலும் கையை நீட்டினான். அவன் முத்தம் கொடுத்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஜெயிப்போம் என்று நம்பி நெய்னா பாய் சகன் பிரியாணி சொல்லியிருந்தார். பெரிய தாலத்தைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாக அள்ளிச் சாப்பிடுவது அவர்கள் ஊர் வழக்கம். தோற்றாலும் சோறு சோறுதானே என்று சொல்லி இரண்டு டீமையும் கலந்து உட்காரவைத்தார். விமலும் வீரபாண்டியும் ஒரே தாலத்தில். அந்தக் கை சோற்றுக்குள் போய் வருவதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெய்யில் பளபளத்த விரல்கள். கறித்துண்டைப் பிய்த்து வீரபாண்டி பக்கம் தள்ளிவிட்டான். என்னைக் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை, மணலைத் தோண்டி வாந்தி எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். மற்றவர்கள் எல்லோரும் போகும்போது அவரவர் பொருளைப் பையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். விமல் போனை மட்டும் வாங்கிக்கொண்டு வீரபாண்டியின் வண்டியில் போய்விட்டான். சாவிக்கொத்தை மறந்துவிட்டான்.

மறுநாள் சனிக்கிழமை. காற்றில் ஈரம். பத்து மணிக்கு மூன்றாம் தொட்டியின் கீழே மாவு அடைத்துக்கொண்டது. விமல் என்னிடம் வந்தான்.

"அண்ணே, என் சாவி உங்க பையிலதானே இருக்கு?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப உங்ககிட்டயே இருக்கட்டும். பூட்ட மட்டும் மாட்டிட்டு எறங்குறேன். முடிஞ்சதும் கொரல் குடுக்குறேன், வந்து தெறந்து விடுங்க. உங்ககிட்ட இருந்தா என் பாக்கெட்ல இருக்குற மாதிரிதான்."

அந்தப் பூட்டை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், சாவி வேண்டியதில்லை. திறக்கத்தான் சாவி வேண்டும். அந்த வசதியால் வரும் ஆபத்தைப் பற்றி நான் புதியவர்களிடம் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அவனும் கேட்டிருக்கிறான். இருந்தும் மாட்டினான். ஏழு சீசனாக எல்லோரும் தங்கள் பொருளை என் மடியில் வைத்துப் பழகியவர்கள். பழக்கம் அப்படித்தான் வேலை செய்கிறது. போகும்போது திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக. அடுத்த சீசன் பாத்துக்கலாம்ணே" என்றான்.

அடுத்த சீசன். அந்தக் கையோடு.

நான் சுவருக்கு அந்தப் பக்கம், சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு வந்தேன். மூடி கழலும் சத்தம் கேட்டது. கரண்டி உரசும் சத்தம் கேட்டது. பிறகு கரண்டிச் சத்தம் நின்றது. அப்படியென்றால் கையால் தோண்டுகிறான் என்று அர்த்தம். பூட்டைத் திறந்தேன். அவன் போட்டோ இருந்த அட்டையைக் கழற்றி, கசங்காமல் சட்டைப் பாக்கெட்டில் வைத்தேன். சுவிட்சைப் போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் காலியாக ஓடினால் ஒரு சத்தம், மாவோடு ஓடினால் கொஞ்சம் கனத்த சத்தம். இது இரண்டுமில்லை. மூன்று வரை எண்ணிவிட்டு அணைத்தேன். பூட்டை மறுபடியும் மாட்டி அட்டையைத் தொங்கவிட்டேன். வேலை நடக்கும்போது பூட்டு அதன் இடத்தில் இருக்க வேண்டும்.

பிறகு ஓடிப்போய், என் பெல்ட்டைக் கழற்றி அவன் புஜத்தில் இறுக்கிக் கட்டியது நான்தான். உயிர் பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் விமல், "அண்ணன் இல்லேன்னா நான் இல்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். தான் பூட்டைச் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று முதலில் அவன்தான் சொல்லியிருக்கிறான். சாவி என்னிடம் இருந்ததை அக்ஷயிடம் அவன் சொல்லவே இல்லை. சொன்னால் எனக்கு வேலை போகும் என்று நினைத்திருப்பான். பூட்டு மாட்டியபடியே இருந்ததைப் பார்த்த அக்ஷய், பூட்டு பிடியைச் சரியாகப் பிடிக்கவில்லை, யாரோ தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள் என்று எழுதி, ஆலையிலுள்ள நாற்பது பூட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல பூட்டுகள் சார்.

வேறென்ன கேட்க வேண்டும்?

ஆமாம், ஆஸ்பத்திரி அறிக்கையின் அந்த வரி. மாவுக்குள்ளிருந்து எடுத்த கையில், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சிவப்பு எலக்ட்ரிகல் டேப். அது முந்தின நாள் சுற்றியது. பைனலுக்கு முன்னால். வியாழக்கிழமை பேனல் கதவில் அவனுக்கு விரல் நசுங்கிவிட்டது. துணிப் பிளாஸ்திரி இருக்காண்ணே என்று கேட்டான். நான் அதை ரூமிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பையில் பந்துக்குச் சுற்றும் டேப்தான் இருந்தது. கையைக் கொடு என்றேன். வழுக்காதா என்று கேட்டான். நீ பந்தா போடப் போகிறாய், எல்லையில் நிற்கிறவனுக்கு எதற்குத் துணி என்று சொல்லி நானே சுற்றிவிட்டேன்.

உங்கள் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். கேட்ச் போன பிறகு எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள். ஒருவரிடமும் அவன் அந்த டேப்பைக் காட்டவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. டேப்தான் காரணம் என்றால் சொல்லியிருப்பானே.

இரண்டு விரலிலும் அப்படியே இருந்தது என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? திருகுக்குள் போயும் ஒரு சுற்றுகூடப் பிரியவில்லை. அதிலும் பழுதில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் சார்.