ஊல்கான் அம்மாள் வாங்கியது

என் பெயர் எசென்குல், தகப்பனார் பெயர் ஷர்ஷென், வயது 58. தோக்மோக் நகரம் ஆற்றுத் தெருவில் குடியிருந்து, வாசலிலேயே டயர் பஞ்சர் கடை வைத்துள்ளேன். எங்கள் குடியிருப்புக் குழுத் தலைவி ஊல்கான் அம்மாள் கையூட்டு வாங்கிக்கொண்டு பொய்யான வசிப்பிடச் சான்று கொடுத்ததாக மமீர்பெக் என்பவர் கொடுத்த புகாரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது:

என் அடுத்த வீட்டில் அனார்குல் என்ற பெண் தன் மகளுடன் வசிக்கிறார். அவர் கணவர் ரஷ்யாவில் வேலைக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். கணவரின் அண்ணனான மேற்படி மமீர்பெக் வீட்டை விற்க நினைத்து, அங்கே குடியிருப்பது தான்தான், அனார்குல் போன வாரம் வந்த விருந்தாளி என்று குழுவில் எழுதிக் கொடுத்தார். வீட்டுப் பதிவு மமீர்பெக் பெயரில் இருக்கிறது, அனார்குலிடம் ஒரு தாளும் இல்லை. சான்று கிடைக்காவிட்டால் தாயும் மகளும் தெருவில்தான் நிற்க வேண்டும்.

சென்ற செவ்வாய் காலை ஊல்கான் அம்மாள் அந்த வீட்டை நேரில் பார்க்க வந்து, சாட்சிக்கு என்னையும் அழைத்தார். அனார்குல்தான் இங்கே இருப்பவர் என்று நான் சொன்னேன். அதற்கு அங்கே வந்திருந்த மமீர்பெக், "டயருக்குக் காத்தடிக்கிறவன்லாம் சாட்சியா? வேற ஆளு கெடைக்கலியாக்கா?" என்றார். எல்லோரும் தேநீர் குடித்தோம். அதன் பிறகு அவர் ஒன்றும் எழுதாமல் எழுந்து வாசலுக்குப் போனார். போச்சு என்று நினைத்து நானும் எழுந்து பின்னாலேயே போனேன். அவரோ காலணி மாட்டுவதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

மமீர்பெக்கும் எங்களோடு வாசலுக்கு வந்தார். அதற்குள் அனார்குல் கண்ணைத் துடைத்துக்கொண்டே ரொட்டித் தட்டோடு ஓடி வந்து, "சும்மா போகக்கூடாதுக்கா, ஒரு வாய் போட்டுக்கிட்டுப் போங்க" என்றார். கிளம்புகிறவருக்கு வீட்டுக்காரர் ரொட்டி நீட்டுவதும், கிளம்புகிறவர் கிள்ளி வாயில் போடுவதும் விசாரணை ஐயாவுக்கும் தெரிந்த வழக்கமே. ஊல்கான் அம்மாள் கிள்ளினார். நான் கிள்ளினேன். மமீர்பெக்கும் பழக்க தோஷத்தில் பெரிதாகப் பிய்த்து வாயில் போட்டார்.

அம்மாள் அவரைப் பார்த்து, "நீங்க எங்க தம்பி கிளம்பிட்டீங்க? இது உங்க வீடுல்ல?" என்று கேட்டார். அவருக்கு வாய் நிறைய ரொட்டி. அதன் பிறகு அம்மாள் சுவரில் தாளை வைத்துச் சான்றை எழுத, நான் கையெழுத்துப் போட்டேன். இப்படி ஒரு கெட்டிக்காரி எங்கள் குழுவுக்குத் தலைவியாக இருப்பதில் எனக்குப் பெருமை. இதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊல்கான் அம்மாள் அந்த வீட்டில் வாங்கியது அந்த ஒரு வாய் ரொட்டி மட்டுமே. நானும் வாங்கினேன். புகார்தாரர் எங்கள் இருவரையும் விட அதிகமாக வாங்கினார்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) எசென்குல்