ஆறாவது தாத்தாவின் தம்பி

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீ நன்றாகத்தான் இருக்கிறது மகனே. பாலைத்தான் கஞ்சத்தனமாக விட்டிருக்கிறார்கள். நீயும் கஜகஸ்தான் பிள்ளைதானே, உனக்குப் புரியும். நான் சொல்வதை மட்டும் எழுது, உன் கைச்சரக்கைச் சேர்க்காதே.

ஸ்வீடனிலிருந்து வந்தவன் பெயர் ஸ்டூரே. அவன் நாட்டுப் பழைய ராஜாக்கள் எங்கள் புல்வெளியில் குதிரை ஓட்டியவர்களின் வாரிசுகளாம். அதற்கு அடையாளம் தேடி மண்மேடு மண்மேடாகத் திரிந்தான். என் வீட்டில்தான் தங்கினான். என் ஒரே மகள் கம்ஷாத் அவனுக்கு எங்கள் பேச்சைச் சொல்லிக்கொடுத்தாள். பனி விழுவதற்குள், கட்டிக்கொள்கிறோம், ஸ்வீடனுக்குப் போகிறோம் என்று வந்து நின்றார்கள். மனைவி போன வீட்டில் எனக்கு மிச்சம் அவள் மட்டும்தான்.

நான் கத்தவில்லை. ஆடு அறுத்து ஊர்ப் பெரியவர்களை அழைத்தேன். பெரிய விருந்தாளிக்கு வைக்கும் ஆட்டுத்தலையை அவன் முன்னால் வைத்துவிட்டு என் ஏழு தலைமுறைப் பெயர்களைச் சொன்னேன். ஆறாவது தாத்தாவிடம் நிறுத்தி, அவருக்கு ஒரு தம்பி உண்டு, ரஷ்யாவில் பிடிபட்டு ஊர் திரும்பிய ஸ்வீடன் போர்க்கைதிகளோடு வடக்கே போய்விட்டார், இவன் அவர் வம்சம் என்றேன்.

"இந்த மஞ்சத்தாடியா? அப்போ என் கழுதையும் ராஜா வம்சம்தான்டா" என்று கிழவன் கெல்டிபாய் சிரித்தான்.

ஸ்டூரே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான் உங்க ரத்தம்னு எனக்கு அப்பவே தோணுச்சு ஐயா."

ஏழு தலைமுறைக்குள் ஒரே தாத்தா என்றால் எங்களில் கல்யாணம் கிடையாது. அது அவனுக்குத் தெரியாது. கம்ஷாத்துக்குத் தெரியும்.

"அந்தத் தாத்தாவுக்குத் தம்பியே கிடையாதுப்பா. நீங்கதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"பொம்பளப்பிள்ளைதானேன்னு பாதிதான் சொன்னேன்."

"உங்க பொய்க்கு நான் ஏன் அவருக்குத் தங்கச்சி ஆகணும்?"

ஊரில் யாரும் அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கவில்லை. குளிர் குறைந்ததும் டவுனுக்குப் போய்ப் பதிந்துகொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன்.

டவுனுக்கு உறைந்த ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். பனி கெட்டியாக இருக்கும் வழியில் துணி கட்டிய குச்சிகளை நட்டுவைப்போம். ஊரில் அது என் வேலை. அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் போய், குச்சிகளைப் பிடுங்கி ஊற்று ஓடும் பக்கமாக நட்டேன். அங்கே பனி மெல்லிசு. குதிரை மிரளும், அவள் திரும்பி வருவாள் என்றுதான் நட்டேன். தாத்தா விஷயத்தில் என்னை நம்பாதவள், குச்சி விஷயத்தில் நம்பிவிட்டாள்.

கொக்கி போட்டுத்தான் இருவரையும் எடுத்தார்கள்.

ஸ்டூரேயின் தாய் வந்தாள். சொந்தங்களைக் கண்டுபிடித்துவிட்டதாக அவன் எழுதிய கடிதத்தை நம்பி, மகன் தன் சனத்தோடு கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவனுக்கு நம் முறை தெரியாது என்று பெரியவர்கள் மன்னித்து, எங்கள் வம்சக் கல்லறைக்குள் இடம் கொடுத்தார்கள். தெரிந்தே ரத்த உறவோடு ஓடியவள் என்று கம்ஷாத்தை மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் மண்ணை ஆடுமாடு மிதிக்கிறது. அதற்காகத்தான் உன்னிடம் வந்தேன். எனக்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொள். ஆறாவது தாத்தாவுக்குத் தம்பி இல்லை என்று எழுதி, பெரியவர்களுக்குப் படித்துக் காட்டு. என் மகளை உள்ளே அவள் தாய் பக்கத்தில் வைக்கட்டும்.

அவனை வெளியே எடுத்துவிடச் சொல். அவன் நம் வம்சம் இல்லையே.