முட்டை வடிவத் தங்கத் துகள் காணாமல் போனது குறித்து லோடே வான் ஹூவ் கொடுத்த வாக்குமூலம்

என் பெயர் லோடே வான் ஹூவ். தகப்பனார் பெயர் ரெமி, காலமாகிவிட்டார். எனக்கு வயது 63. ஆன்ட்வெர்ப் நகரம் பெர்கெம் பகுதியில் ரயில் பாலத்தை ஒட்டிய தெருவில், ரொட்டிக் கடையின் மேல்மாடியில் தனியாக வசித்து வருகிறேன். இதே நகரில் உள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்கும் வேலை செய்கிறேன். யாரும் அழைக்காமல் இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் நான் ஒரு தங்கத் துகளைப் படம் எடுத்தேன். அது சாதாரண நுண்ணோக்கிக்கு அகப்படாத அளவு சிறியது. அந்த வகைத் துகள்கள் உருண்டையாகத்தான் இருக்கும் என்று அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தார்கள். என் படத்தில் அது முட்டை வடிவில் இருந்தது. அந்தப் படம் பாடப்புத்தகத்தில் வந்தது. அதன் பிறகு எங்கள் கூடத்தில் என்னை முட்டைக்காரர் என்று கூப்பிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேர்லே கோசன்ஸ் என்ற பெண் தற்காலிகப் பணியில் சேர்ந்தார். எங்கள் கருவி ஒரு படத்தை மேலிருந்து கீழாக, வரி வரியாக வரைகிறது. வரைந்துகொண்டிருக்கும்போதே துகள் துளி நகர்ந்தால் உருண்டையும் நீண்டு தெரியும். இதைத் திருத்த மேற்படி வேர்லே ஒரு ப்ரோக்ராம் எழுதினார். ஒரே துகளைக் குறுக்காக ஒரு முறையும் நெடுக்காக ஒரு முறையும் படம் எடுத்துக் கொடுத்தால், அது இரண்டையும் ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடித்து, அந்தப் பொய்யை நீக்கிவிடும். நல்ல ப்ரோக்ராம். உண்மையைச் சொல்ல வந்திருப்பதால் இதையும் சொல்கிறேன்.

எங்கள் தலைவர் காட்ஃப்ரீட், காலையில் காபிக் கோப்பையோடு என் அறை வாசலில் நின்று பேசிவிட்டுப் போவது வழக்கம். வேர்லே வந்த பிறகு அதே கோப்பையோடு என் வாசலைத் தாண்டி வேர்லேயின் அறைக்குப் போனார். வேர்லே கணினிக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாக்லேட் தடவிய ரொட்டியைத் தின்பார். ரொட்டித் துகள் விழக்கூடாது என்று நான் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை காபி நேரத்தில், எல்லோர் முன்னிலையிலும் வேர்லே என்னிடம், "லோடே, உங்க முட்டையும் இப்படி நகர்ந்ததாலதான் வந்திருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்காதீங்க. அந்தத் துகள் இருக்கிற பழைய மாதிரித் தகடு இன்னும் இருக்கு, என் பேர்ல எடுத்து வெச்சிருக்கேன். திங்கக்கிழமை ரெண்டு படம் எடுத்துப் பார்த்துடலாமா?" என்று கேட்டார். கருவிகளைப் பழுது பார்க்கும் ஸ்டான், "முட்டைக்காரரே, அப்ப திங்கக்கிழமை ஆம்லெட்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காட்ஃப்ரீடும் சிரித்தார். இது சரியாக வந்தால் வேர்லேயின் வேலை நிரந்தரமாகும் என்றும் அவர் சொன்னார். நான் கோப்பைகளைக் கழுவப் போனேன். அன்று கழுவும் முறை என்னுடையது அல்ல.

ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் சைக்கிள் பந்தயம். பக்கத்துத் தெருவில் டிராம் போனால் எங்கள் படங்கள் நடுங்கும். ஆண்டு முழுவதும் அது கடந்துபோகக் காத்திருந்துதான் படம் எடுப்போம். பந்தய நாளில் டிராம் ஓடாது. ஊரே பீரோடு சாலையோரம் நிற்கும். அந்த அமைதிக்காகவே நான் ஒவ்வொரு பந்தய ஞாயிறும் வேலைக்குப் போவேன். அன்றும் மதியம் போனேன். வேர்லே மாதிரிகளை வைக்கும் தட்டிலிருந்து அந்த மாதிரியை எடுத்துக் கருவியில் ஏற்றினேன். அதன் பிறகு என் துகளைத் தேடிப் பிடித்து, வேர்லே செய்வதுபோலவே குறுக்காகவும் நெடுக்காகவும் இரண்டு படங்கள் எடுத்தேன். ஒன்றில் முட்டை நீளமாக இருந்தது, மற்றதில் குட்டையாக இருந்தது. வெறும் கண்ணால் முடிவு சொல்ல முடியவில்லை. அந்த ப்ரோக்ராமை இயக்க எனக்குத் தெரியாது. கற்றுக்கொடுக்கும்படி அவரிடம் நான் கேட்டதே இல்லை.

ஆகவே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எலக்ட்ரான் கற்றையைக் கூட்டினேன். என்னிடம் வேலை பழக வரும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது, படம் எடுத்தவுடன் கற்றையை நிறுத்து, நிறுத்தாவிட்டால் இவ்வளவு சிறிய தங்கம் இளகி உருமாறிவிடும் என்பதுதான். நான் நிறுத்தவில்லை. வெளியே சைக்கிள்கள் வந்துவிட்டதால் கூட்டம் கத்தியது. அப்போது திரையில் துகள் உருண்டையாக இருந்தது.

திங்கட்கிழமை வேர்லே அதை ஏற்றினால் உருண்டையைத்தான் பார்ப்பார். அவர் சொன்னதே சரி என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது என்பதால், மாதிரியைப் பெட்டியோடு சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், காலுறைகளுக்கு நடுவில் வைத்தேன்.

திங்கட்கிழமை வேர்லே குப்பைத் தொட்டி வரைக்கும் தேடினார். காட்ஃப்ரீட், "உன் பேர்ல எடுத்து வெச்சது. நீதான் பதில் சொல்லணும்" என்றார். தன் ஊகம் தப்பாகிவிடும் என்ற பயத்தில் அவரே ஒளித்திருப்பார் என்று ஸ்டான் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வேலை நிரந்தரப் பேச்சு அதோடு நின்றது. அதன் பிறகு அலுவலகத்தார் காவல்துறையில் புகார் கொடுத்தார்கள்.

நேற்று வேர்லே என் அறைக்கு வந்து, "நான்தான் ஒளிச்சேன்னு நீங்களும் நினைக்கிறீங்களா, லோடே?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"நீங்க ஒருத்தராவது நம்புறீங்களே. உங்களுக்குத்தான் என்மேல கோவம் இருக்கும்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஞாயிறன்று எடுத்த இரண்டு படங்களையும் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. முகம் சிவந்தது. பிறகு உட்கார்ந்து ப்ரோக்ராமை ஓட்டினார். முடிந்ததும் திரையை என் பக்கம் திருப்பினார்.

"முட்டைதான், லோடே. அந்தப் பழைய படத்துல நீங்க காட்டினதைவிடக் கொஞ்சம் குட்டை. ஆனா முட்டை."

"துகள்தான் உருண்டையாயிடுச்சே. யாராவது கேட்டா?"

"என் ப்ரோக்ராம் திருத்தின படத்தைத்தான் காட்டணும். வேற சாட்சி எதை மிச்சம் வெச்சீங்க?"

காட்ஃப்ரீடிடமும் சொன்னேன். வேர்லேமீது குற்றமில்லை என்றும், இதைக் கட்டுரையாக எழுத வேண்டும் என்றும், வேர்லே பெயர் முதலிலும் என் பெயர் அடுத்தும் வரும் என்றும் அவர் கூறினார்.

மேற்படி மாதிரியைப் பெட்டியோடு இத்துடன் ஒப்படைக்கிறேன். எடுத்ததும் கெடுத்ததும் நான்தான். வேர்லேவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. கட்டுரையில் பெயர்கள் வரும் வரிசைக்கு எனக்குச் சம்மதமில்லை என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொண்டேன். அது இந்தப் புகாருக்குச் சம்பந்தமில்லாதது என்று அதிகாரி சொன்னார். அந்தத் துகளை முதலில் கண்டவன் நான் என்று நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மேலே கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு, என் கையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) லோடே வான் ஹூவ்