பல் கிளினிக்குல மூணாவது இன்ஸ்பெக்‌ஷன்

...இருங்க, இப்படிச் சொன்னா உங்களுக்கு ஏறாது. ஒரு கதை சொல்றேன். சின்னதுதான். பந்திக்கு லேட்டாகாது, பயப்படாதீங்க.

விருத்தாசலத்துல ஒரு பல் டாக்டர். பேரு தில்லைநாயகம். சொந்த கிளினிக், நல்ல கைராசி. வீட்டம்மா இருந்தவரைக்கும் முன்னாடி உக்காந்து டோக்கன் குடுப்பாங்க. உள்ள இவரு பல்லு பார்ப்பாரு. நடுவுல ஒரு பலகைத் தடுப்பு. அந்தத் தடுப்பைத் தாண்டி ரெண்டு பேரும் நாள் பூரா பேசிக்கிட்டே இருப்பாங்க. அந்தம்மா தவறிட்டாங்க. பையன் புனேல வேலை. ஃபோன் பண்ணுவான். "சாப்பிட்டியாப்பா? சரி, மீட்டிங் இருக்கு." வச்சிருவான்.

நீங்க கேப்பீங்க... "ஏங்க, டாக்டருக்கு என்னங்க தனிமை? காலையிலேர்ந்து ஜனம் வருதே?" வருதுங்க. வந்து என்ன செய்யுது? வாயைத் திறக்குது. "வலிக்குதாம்மா?" "ஆஆ..." "எந்த ஊரும்மா?" "ஆஆஆ..." வாய்க்குள்ள பஞ்சு, குழாய், கண்ணாடி. எப்படிப் பேசுவாங்க? வேலை முடிஞ்சதும் பேசலாம்தான். ஆனா மரத்துப்போன தாடையைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு ஓடிருவாங்க. உதவிக்கு வர்ற பொண்ணு கையுறையைக் கழட்டுனதும் பஸ்ஸைப் புடிக்க ஓடிரும். ஊரு வாயெல்லாம் பார்த்த மனுஷன்... அவரோட பேச ஒரு ஆளு இல்ல.

இந்த நேரத்துல ஆய்வு வருது. கிளினிக் சுத்தமா நடக்குதான்னு பார்க்க மாவட்டத்துலேர்ந்து ஒரு அதிகாரி. பேரு அருள்செல்வி. கண்டிப்பான அம்மா. போற இடத்துல ஒரு வாய் காபி வாங்கிக் குடிக்க மாட்டாங்க.

மத்த டாக்டருங்களுக்கு ஆய்வுன்னா பயம். இவருக்கு? மொகமெல்லாம் சிரிப்பு.

"ரத்தம் பட்ட பஞ்சை எதுல போடுறீங்க சார்?"

"மஞ்சப் பையிலம்மா. கையுறை செவப்புப் பையில. ஊசி தனி டப்பாவுல. இதை எங்க வீட்டம்மாதான் முதல்ல எனக்கு..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க சார்."

ஆனா அந்தம்மா கேக்கக் கேக்க, இவரு பேசுறாரு... பேசுறாரு... அடைச்சு வச்ச குழாயைத் தொறந்து விட்ட மாதிரி. கடைசியில ஒரே ஒரு குறை. தீயணைக்கிற சிலிண்டருக்குத் தேதி முடிஞ்சிருச்சு. "சரி பண்ணி வைங்க சார். மறுபடி வருவேன்."

மறுபடி வருவேன்! அந்த வார்த்தையை அவருகிட்ட யாரு சொல்லி எத்தனை நாளாச்சு?

மறுபடி வந்தாங்க. சிலிண்டர் புதுசு. ஆனா செவப்புப் பையில ரத்தப் பஞ்சு கெடக்குது. "என்ன சார், அன்னைக்கு நீங்கதானே சரியாச் சொன்னீங்க?" "மறந்துட்டேம்மா." அந்தம்மாவுக்குக் கோவம். "இன்னொரு தடவை குறை இருந்தா உரிமம் ரத்தாகும். கிளினிக்குக்கு சீல் வச்சிருவாங்க."

மூணாவது தடவை வர்றாங்க. தட்டுல கருவியெல்லாம் பொட்டலமா வரிசையா இருக்கு. அந்தப் பொட்டலத்து மேல ஒரு டேப் ஒட்டணும். கொதிக்கிற நீராவியில வெந்தா டேப்புல கறுப்புக் கோடு விழும். கோடு இருந்தா கருவி சுத்தம். இங்க பார்த்தா... ஒரு பொட்டலத்துலயும் டேப் இல்ல.

அந்தம்மா பேனாவை எடுத்துட்டாங்க. எழுதுனா முடிஞ்சுது. சும்மா ஒரு பொட்டலத்தைத் தொட்டுப் பார்க்குறாங்க. பிசுபிசுன்னு ஒட்டுது. டேப் இருந்த இடம்! குனிஞ்சு குப்பைக்கூடையைப் பார்த்தா... உரிச்சுப் போட்ட டேப்பு அத்தனையும் கெடக்கு. ஒவ்வொண்ணுலயும் கறுப்புக் கோடு பளிச்சுன்னு.

கருவி சுத்தம்யா. டேப்பை மட்டும் உரிச்சுப் போட்டிருக்காரு.

"சார்... நீங்களேவா?"

டாக்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"அந்தப் பஞ்சு?"

"அதுவும் நான்தாம்மா. நீங்க போனதும் எடுத்து மஞ்சப் பையில போட்டுட்டேன். நோயாளிக்கு எந்தக் கெடுதலும் பண்ணலம்மா."

"நான் எழுதியிருந்தா கிளினிக்கை மூடிருப்பாங்க சார். முப்பது வருஷ உழைப்பு. அது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

அப்ப அந்த மனுஷன் சொன்னாரு பாருங்க...

"சீல் வைக்கவும்... நீங்கதானேம்மா வருவீங்க."

...

அந்தம்மா பேனாவை மூடி வச்சுட்டு உக்காந்தாங்க. புது டேப் ஒட்டி, எல்லாத்தையும் மறுபடி நீராவியில வைக்கச் சொன்னாங்க. கோடு விழுற வரைக்கும் காத்திருந்து பார்த்துட்டு, எல்லாம் சரின்னு எழுதுனாங்க. நியாயப்படி எழுதுனாங்க. டாக்டர் மெதுவா கேக்குறாரு. "அப்ப... இனிமே வரமாட்டீங்க?"

"எல்லாம் சரியா இருக்கு சார். எப்படி வர்றது?"

கதை அவ்வளவுதாங்க.

"அப்புறம் அந்தம்மா என்ன பண்ணாங்க?"ன்னு கேக்காதீங்க. அவங்க அதிகாரி. வேலைக்கு வந்தாங்க, வேலையை முடிச்சுட்டுப் போயிட்டாங்க. நான் உங்களைக் கேக்குறேன். நீங்க என்ன பண்றீங்க?

உங்க அம்மா ஃபோன் பண்ணி, "மிக்ஸி ஒரு மாதிரி கத்துதுப்பா"ன்னு சொல்லலையா? உங்க அப்பா, "இந்த டிவியில சேனல் வரலடா"ன்னு சொல்லலையா? நீங்க என்ன சொன்னீங்க? "மெக்கானிக் நம்பர் அனுப்புறேன், கூப்பிட்டுக்கோ"ன்னு சொன்னீங்க. சொல்லிட்டு, "வயசானா இவங்க தொல்லை தாங்கல"ன்னு பொண்டாட்டிகிட்ட அலுத்துக்கிட்டீங்க. சொல்லலைன்னு யாராவது கையைத் தூக்குங்க, பார்க்கலாம்.

ஏங்க, மிக்ஸி ரிப்பேருக்காகவா அந்த ஃபோன்? "வாடா கண்ணு, உன்னைப் பார்க்கணும்"னு கேக்கப் பெத்தவங்களுக்கே கூச்சமா இருக்குதய்யா. அந்தளவுக்கு நம்ம பிஸியாயிட்டோம். அதனாலதான் வீட்டுல ஏதாவது ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு சொல்லி நம்மளைக் கூப்பிடுறாங்க.

இந்த ஞாயித்துக்கிழமை போங்க. மிக்ஸியைப் போட்டுப் பாருங்க. அது நல்லாத்தான் ஓடும். ஓடுச்சுன்னா... "நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் கூப்பிட்ட?"ன்னு மட்டும் கேட்டுராதீங்க.