பதினேழாம் நாள் செவ்வாய்க்கிழமை

காடைக் குஞ்சு பொரிக்க வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை சார். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள் என்றால் காடைக்குப் பதினேழே நாள். சூடு முப்பத்தேழரை டிகிரி. பதினான்கு நாள் வரை முட்டைகளைத் தினமும் மூன்று வேளை புரட்டிவிட வேண்டும். அதன் பிறகு மிஷின் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும். ஓட்டை உடைக்கிற குஞ்சு, சவ்வில் ஒட்டிக்கொண்டு அப்படியே செத்துப்போகும். இதையெல்லாம் எதற்கு எழுதுவது என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் தேவைப்படும்.

என் கணவர் அழகர் இறந்து இன்றோடு முப்பத்திரண்டு நாள் ஆகிறது. அன்றைக்கு நான் சொன்னதை எழுதி, நீங்களே வாசித்தும் காட்டினீர்கள். ‘மேற்படி முருகம்மாள் போதிய விவரம் இல்லாதவர் என்பதாலும், சிலிண்டரில் வாயு தீர்ந்ததை அறியாததாலும், பதற்றத்தில் பிளக்கை மாற்றத் தெரியாததாலும்’ என்று ஒரே வாக்கியத்தில் மூன்று முறை என்னை முட்டாள் ஆக்கியிருந்தீர்கள். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தீர்கள், நோஞ்சான் ஆட்டுக்குட்டியைப் பார்ப்பதுபோல. அன்றைக்குக் கைநாட்டு வைக்கச் சொன்னீர்கள். நான் பத்தாவது வரை படித்தவள். கையெழுத்துப் போட்டேன். அதற்கும் ஆச்சரியப்பட்டீர்கள். அந்த வாக்குமூலத்தைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

அவர் கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். விடியக்காலம் கம்பம்மெட்டு மலை ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். பீடியும் புகையுமாக இருபத்தைந்து வருடம். நுரையீரல் சுருங்கிப்போய்விட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, சின்னமனூர் வீட்டில் கட்டிலோடு கிடந்தார். பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின். அது இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். அது நாலு மணிநேரம் தாங்கும். அதுவும் தீர்ந்தால் கட்டில் காலோடு கட்டி நிறுத்திய சிலிண்டர். அது ஒரு பகல் முழுக்கத் தாங்கும். இரண்டும் இல்லையென்றால் கால்மணி நேரம் தாங்குவதே கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் விவரமாகச் சொல்லியிருந்தார். நான் விவரமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் இருபத்தெட்டு வருடம் என்னைத் திருத்திக்கொண்டே இருந்தார். வெங்காயம் நறுக்கினால் அப்படி இல்லை, வேட்டி மடித்தால் அப்படி இல்லை, கதவைச் சாத்தினால் அப்படி இல்லை. ஜீப் ஓட்டிய காலத்தில் சாயங்காலம் மட்டும் திருத்துவார். படுத்த பிறகு நாள் முழுக்கத் திருத்தினார். மூச்சு விடுவதற்கே காற்றுப் போதாத மனிதர், அந்தக் காற்றிலும் பாதியை என்னைத் திருத்தத்தான் செலவழித்தார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. எரிச்சல் என்பதுதான் சரியான சொல். வெறுப்பு என்று எழுத வேண்டாம்.

திருப்பூரில் இருக்கும் எங்கள் மகள், அம்மாவுக்கும் பொழுதுபோகட்டும் என்று குஞ்சு பொரிக்கிற மிஷின், ஒரு சின்ன இன்குபேட்டர் வாங்கி அனுப்பினாள். முப்பது முட்டை வைக்கலாம். அதைப் பார்த்ததும் அவர் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டார். இன்குபேட்டர் இருந்தது பின்கட்டு அறையில். கட்டிலில் படுத்தபடி எட்டிப் பார்த்தால் அவருக்குத் தெரியும்.

“அந்த மூடிய ஏன் இப்பிடி அமுக்குற? பூவ வக்கிற மாதிரி வக்கணும்.”

முதல் ஈடு பதின்மூன்று குஞ்சு பொரித்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும் சார். உடம்பில் கோடு போட்டுக்கொண்டு ஓடும். கைக்குள் வைத்தால் நெஞ்சு துடிப்பது விரலில் தெரியும். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை. ஆனால் நான் தண்ணீரை வெறும் தட்டில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் ஐந்து குஞ்சு அதில் விழுந்து செத்துக் கிடந்தன. அரை விரல் ஆழத் தண்ணீர் சார். நான் அழுதேன். அவர் சிரித்தார். பக்கத்து வீட்டு மதீனா மோர் கொண்டுவந்தபோது அவளிடமும் சொல்லிச் சிரித்தார்.

“கேட்டியா மதீனா? குஞ்சு வளக்கச் சொன்னா நீச்சல் பழக்கிருக்கா.”

“விடுங்கண்ணே. யக்கா பாவம்.”

பாவம் என்ற சொல் அங்கே ஆரம்பித்தது. அதன் பிறகு வீட்டுக்கு வந்த ஒருவர் விடாமல் எல்லோரிடமும் அந்த நீச்சல் கதையைச் சொன்னார். ஊசி போட வந்த நர்ஸ், மீட்டர் பார்க்க வந்த ஆள், மகள் வீட்டுச் சம்பந்தி. நான் தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளை நிரப்பி வைத்தேன். இடுக்கில் நிற்கும் தண்ணீரைக் குஞ்சு குடிக்கும், முங்காது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீடியோவிலும் பார்க்கவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன், தோன்றியது. கீழே விரித்த செய்தித்தாள் வழுக்கிக் குஞ்சுக்குக் கால் அகன்றுபோகிறது என்று பார்த்து, பழைய பருத்திச் சேலையைக் கிழித்து விரித்ததும் நான்தான். குஞ்சுகள், சூட்டுக்காகத் தொங்கவிட்ட பல்புக்குக் கீழே கும்பலாக நெருக்கினால் குளிர்கிறது என்று அர்த்தம். ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். எந்த மீட்டரையும் பார்க்காமல் குஞ்சுகளைப் பார்த்தே பல்பை ஏற்றி இறக்க இரண்டு வாரத்தில் பழகிவிட்டேன்.

இரண்டாம் ஈட்டில் முப்பதுக்கு இருபத்துநாலு பொரித்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. ஐம்பது வயதில் என் கையால் ஒரு காரியம் குறையில்லாமல் முடிந்திருந்தது.

அன்று சாயங்காலம் மதீனா குஞ்சு பார்க்க வந்தாள். நான் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரல் கேட்டது.

“படுத்த எடத்துல இருந்தே இருபத்துநாலு பொரிக்க வச்சுட்டேன் பாரு. சொல்லச் சொல்லத்தான் செய்வா. அந்தக் கோலிக்குண்டு ஐடியா இருக்கே, அது யாருதுன்னு நெனக்கிற?”

கோலிக்குண்டு என்னுடையது சார்.

நான் காப்பியை ஆற்றி அவளுக்குக் கொடுத்தேன், அவருக்கும் கொடுத்தேன். சர்க்கரை கம்மி என்றார். போட்டுக் கலக்கினேன். அன்றைக்குத்தான் தீர்மானித்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். அதில் கோபம் எதுவும் இல்லை. ஒரு வேலையை எப்படி முடிப்பது என்று யோசிப்பதுபோலத்தான் இருந்தது.

எங்கள் பகுதிக்கு மாதாமாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை. பேப்பரிலும் போடுவார்கள். லைன்மேன் விஜய்ராஜ், வீட்டில் நோயாளி இருப்பது தெரியும் என்பதால் எங்களுக்குத் தனியாகச் சொல்லிவிட்டே போவார். “அண்ணனுக்குப் பாத்துக்கங்க யக்கா” என்பார். அதனால் அந்தத் தேதி எனக்கு ஒருபோதும் மறக்காது. அந்தச் செவ்வாயிலிருந்து பதினேழு நாளைப் பின்னால் எண்ணினால் சனிக்கிழமை வருகிறது. அந்தச் சனிக்கிழமை காலையில் மூன்றாம் ஈட்டு முட்டைகளை மிஷினில் வைத்தேன்.

அவர் எண்ணிவிடுவார் என்று எனக்குத் தெரியும். எண்ணினார். நாலாம் நாள் விஜய்ராஜ் வந்திருந்தபோது, மதீனாவும் இருந்தாள், எல்லோர் முன்னாலும் சொன்னார்.

“கூத்தப் பாரு விஜய்ராஜ். பதினேழாம் நாளு ஒங்க ஷட்டவுன்ல வருது. கரண்டு இல்லாத நாளாப் பாத்து வச்சிருக்கா. இவளுக்கு எண்ணவும் தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு எண்ணத் தெரியாது என்பதற்கு அவரே இரண்டு சாட்சிகளைத் தேடிக் கொடுத்தார். உங்கள் கோப்பில் அந்த இரண்டு பேரும் சொன்னது அப்படியே இருக்கிறது.

அவர்கள் போன பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார்.

“சரி, வச்சது வச்சுட்ட. அன்னைக்கு இன்வெர்ட்டர அதுக்குக் குடு புள்ள. சூடு எறங்கக் கூடாது. நான் சிலிண்டர்ல சமாளிச்சுக்கிறேன். பச்ச உசுருக, பாவம்.”

ஆக்சிஜன் மிஷின், இன்குபேட்டர் இரண்டையும் இன்வெர்ட்டர் சேர்த்து இழுக்காது. கீச்சென்று கத்தி நின்றுவிடும். அதை நான் முன்பே போட்டுப் பார்த்திருந்தேன். ஆனால் அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். இதை ஒருமுறைக்கு இரண்டு முறை யோசித்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் தூங்கினார். அந்த நேரத்தில் கரண்ட் இருந்தது, ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சிலிண்டரை மெதுவாக உருட்டிப் பின்வாசலுக்குக் கொண்டுபோய்த் திருகைத் திறந்து வைத்தேன். மேகமலைப் பக்கமிருந்து நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. சிலிண்டர் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை பக்கத்திலேயே நின்றேன். முள் எதைக் காட்டுகிறது என்று எனக்குத் தெரியாது என எழுதியிருக்கிறீர்களே, தெரியும். பிறகு துடைத்து, பழையபடி கட்டில் காலோடு கட்டிவிட்டேன். கயிற்று முடிச்சுகூட அவர் போடச் சொல்லிக்கொடுத்த முடிச்சுதான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஆக்சிஜன் மிஷின் கூவியது. அதன் பிளக்கை இன்வெர்ட்டரிலிருந்து எடுத்துவிட்டு இன்குபேட்டர் பிளக்கைச் செருகினேன். சிலிண்டர்க் குழாயை அவர் மூக்கில் மாட்டித் திருகைத் திறந்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். போய் முட்டையைப் பார் என்று சைகை காட்டினார். நான் கட்டில் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

“வரலயே... காத்து வரலயே புள்ள.”

“வரும்ங்க. பதறாம இழுங்க.”

அவர் குழாயைப் பிடித்து ஆட்டினார். உதடு நிறம் மாற ஆரம்பித்தது.

“பிளக்க மாத்து. முட்ட கெடக்கட்டும்... மாத்து.”

“சூடு எறங்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக.”

அவர் என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. நான் செய்த ஒரு காரியத்தை அவர் முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. திருத்தம் எதுவும் சொல்லவில்லை. கையை என் பக்கம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். அது சம்பிரதாயத்துக்காகப் பிடித்தது இல்லை சார். இருபத்தெட்டு வருடம் வாழ்ந்திருக்கிறோம். கை தளரும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு மதீனாவைக் கூப்பிட்டேன்.

பதறிப்போய் எந்தப் பிளக் எது என்று தெரியாமல் நின்றேன் என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். அதைச் சொன்னதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும், “பாவம், வெவரம் பத்தாம மனுசனக் கொன்னுட்டா” என்று பேசினார்கள். மகள் என்னைக் கட்டிக்கொண்டு, “ஒனக்கு என்னம்மா தெரியும், நான்தான் அந்த மிஷின வாங்கிக் குடுத்திருக்கக் கூடாது” என்று அழுதாள். பதினாறாம் நாள் விசேஷத்தில்கூட நீச்சல் கதையை யாரோ எடுத்துவிட்டார்கள். அவர் இல்லாமலே அவர் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே இருந்தால் சாகும்வரை நான் ஒன்றும் தெரியாதவள்தான்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். நாள் பார்த்து வைத்தது நான். சிலிண்டரைக் காலிசெய்தது நான். எந்தப் பிளக் எது என்று எனக்குத் தெரியும். கரண்ட் போனாலும் இன்குபேட்டரைக் கம்பளியால் போர்த்திவிட்டால் இரண்டு மூன்று மணிநேரம் சூடு குறையாது என்பதும் எனக்குத் தெரியும். ‘அறியாததாலும்’, ‘தெரியாததாலும்’ என்று வரும் இடங்களை எல்லாம் என் கண் முன்னாலேயே அடியுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு இன்குபேட்டரைத் திறந்து பார்த்த உங்கள் ஏட்டு, முப்பது முட்டையில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை என்று கண்டு, “புருசனும் போயி, குஞ்சும் போச்சே” என்று எனக்காக வருத்தப்பட்டார். நல்ல மனிதர். அவரிடம் சொல்லிவிடுங்கள். அது பஸ் ஸ்டாண்டுக் கடையில் டப்பாவில் அடுக்கி விற்கிற சாப்பாட்டு முட்டை. ஆண் காடை சேராத முட்டை. எத்தனை நாள் வைத்தாலும் பொரிக்காது. உயிருள்ள முட்டையை வைத்து அப்படி ஒரு காரியம் செய்ய எனக்கு மனசு வரவில்லை சார்.