பொத்தான் விழும் விதம்

பழைய சாக்ஸை யாரும் தூக்கிப் போடக் கூடாது என்பது என் கட்சி, இன்ஸ்பெக்டர் மேடம். கொஞ்சம் பஞ்சை அடைத்து, கண்ணுக்கு இரண்டு சட்டைப் பொத்தானைத் தைத்துவிட்டால், பிள்ளைகள் கீழே விடாமல் கொஞ்சுகிற ஆள் ஒருவன் கிடைத்துவிடுவான். எங்கள் வீடியோ கேமின் நாயகன் பொத்தான் அப்படித்தான் பிறந்தான்.

ஊரப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, நானும் ஸ்டான்லியும் அந்த கேமைச் செய்தோம். பொம்மையும் அட்டை மலையும் ஜமுக்காளக் கடலும் என் கைவேலை. பொம்மையைத் துளித்துளியாக நகர்த்திப் படம் எடுப்பேன். அதைத் திரையில் ஓடவும் தாவவும் வைக்கிற கம்ப்யூட்டர் வேலை ஸ்டான்லியுடையது. கல்லூரி நாளிலிருந்தே நண்பன். யாரையாவது சிரிக்க வைக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

பொத்தான் அழகாக ஓடினான், அழகாகத் தாவினான். விழுவதுதான் சரியில்லை. தாவுகிற கேமில் விழுவதுதானே அதிகம்? அது பொய்யாக இருந்தால் எல்லாமே பொய். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பார்த்துச் செய்ய மாதிரி வேண்டுமென்று, ஸ்டான்லியை மேசைமேலிருந்து மெத்தையில் விழச் சொல்லி வீடியோ எடுத்தேன். பாவம், சளைக்காமல் விழுந்தான்.

"மச்சான், இன்னும் எத்தினி வாட்டிடா வுழறது? இடுப்பு பேஜாராகீது. வுட்ருடா, இத்தெல்லாம் யாரு உத்துப் பாக்கப்போறா?"

அந்தக் கடைசிப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கோபத்தில் நான் எதுவும் செய்யவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். மெத்தை இருப்பது தெரிந்தவன் மெத்தைக்குத் தகுந்தபடிதான் விழுவான். அவனைக் குறை சொல்ல முடியாது.

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி, கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. கேமுக்குப் பாறைப் படங்கள் வேண்டுமென்று அவனை அங்கே அழைத்துப் போனேன். வழியில் அவன்தான் போண்டா வாங்கிக் கொடுத்தான். பக்கவாட்டில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டேன். இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குப் போ என்றேன். போனான். நண்பன் அல்லவா, நம்பினான். இந்தத் தடவை அவன் விழுந்ததில் கலப்படமே இல்லை.

செல்ஃபி எடுக்கப் போய்த் தவறியிருப்பான் என்று ஊரே பேசியது. நான் மறுத்துப் பேசவில்லை. வீட்டில் உட்கார்ந்து, அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பொத்தானை நகர்த்தினேன். கம்ப்யூட்டர் வேலையை ஸ்டான்லி முன்பே முடித்து வைத்திருந்தான், விழுகிற படங்களை மட்டும் மாற்றினால் போதும். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே கிடையாது. கேம் வெளிவந்ததும், பொத்தான் விழும்போதெல்லாம் பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

ஸ்டான்லியின் மனைவி ரூத் மட்டும் சிரிக்கவில்லை. என் எதிரிலேயே போனில் ஆடினாள். வேண்டுமென்றே பொத்தானைத் திரும்பத் திரும்ப விழவிட்டாள்.

"ஹரிண்ணா, வுழறப்ப இவன் ஏன் காதாண்ட கைய வெக்கிறான்? கண்ணாடி கழண்டுடும்னு எங்க வூட்டுக்காரருதான் இப்டிப் புடிச்சிப்பாரு. பொம்மைக்கு ஏதுண்ணா கண்ணாடி?"

அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். அந்தக் கையை நான் எடுத்துவிட்டிருக்கலாம்தான். எடுத்தும் பார்த்தேன். விழுவது மறுபடி பொய்யாகிவிட்டது. பொய் எனக்கு ஒத்துவராது.

ஆமாம் மேடம், முதுகில் கை வைத்து நான்தான் தள்ளினேன். வருத்தமே இல்லையா என்று கேட்கிறீர்கள். இல்லாமல் இருக்குமா? ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடிந்தது.